ஸ்டெயின்: கறையா, சாயமா?

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலுள்ள குளுவாங் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் 'ஸ்டெயின்' என்ற ஆங்கிலச் சொல் நான்கு இடங்களில் கண்ணில் படும். கடையில் தொங்கும் சலவைத்தூள் பொட்டலத்தில் அது இருக்கும். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் தாளில் 'கிராம் ஸ்டெயின்' என்று இருக்கும். ரப்பர் மரத்தை மேசை நாற்காலியாக்கும் தொழிற்சாலையில் 'வூட் ஸ்டெயின்' டின்கள் அடுக்கியிருக்கும். சமையலறைத் தட்டின் அடிப்பக்கத்தில் 'ஸ்டெயின்லெஸ்' என்ற முத்திரை இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்தச் சொல்லுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்று: கறை. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த நான்கில் இரண்டு இடங்களில் பொருள் தலைகீழாகிவிடும்.

இதை மொழிப்பாடச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆய்வுக்கூடத் தாளில் 'கறை' என்று படிப்பவர் தம் உடம்பில் ஏதோ அழுக்கு சேர்ந்திருப்பதாகப் பயப்படுகிறார். அதன் பக்கத்தில் 'நெகட்டிவ்' என்று பார்ப்பவர் நோயே இல்லை என்று நிம்மதியடைகிறார். இரண்டும் தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட. சொல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு முன் துணியில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

## ஒரே பொருள், இரண்டு பெயர்

ரப்பர்ப் பால், மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் விழும்போது வெள்ளைவெளேரென்று இருக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். சட்டையில் பட்டதும் தண்ணீர் காய்ந்துபோகிறது. ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நூலிழைகளைச் சுற்றி இறுகிக்கொள்கின்றன. அதோடு முடிவதில்லை. பாலில் ஃபீனால் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்யும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் அதிலேயே இருக்கிறது. அதனால் வெள்ளை மெல்ல மெல்லப் பழுப்பாகிறது. பால் வெட்டுகிறவர்களின் சட்டை எத்தனை முறை துவைத்தாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம். கிரேப் எனப்படும் சுருக்கத்தாள் ரப்பரை வெளிர்நிறத்தில் தயாரிக்கும் ஆலைகள் பாலில் சோடியம் பைசல்ஃபைட் கலப்பது இந்த நொதியை அடக்கத்தான். வாழைத்தண்டு நறுக்கிய கையில் ஏறும் கறுப்பும் இதே வகை வினைதான்.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்ற சேர்மம். அது தண்ணீரில் எளிதில் கரையாது, பருத்தி நூலை விடாமல் பிடித்துக்கொள்ளும், சவர்க்காரத்தின் காரம் பட்டால் சிவந்துபோகும். குழம்பு சிந்தி வெள்ளைச் சட்டையில் இந்தக் குர்குமின் ஏறினால் கறை என்கிறோம். பொங்கலுக்கு வாங்கிய புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவும்போது அதே குர்குமின் அதே நூலில்தான் ஏறுகிறது. அதை யாரும் கறை என்று சொல்வதில்லை.

ஆக, வேதியியலின் கண்ணுக்குக் கறையும் சாயமும் ஒன்றே: நிறமுள்ள ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குள் புகுந்து நிலைத்துவிடுகிறது. நாம் வேண்டி ஏற்றினால் சாயம், வேண்டாமல் ஏறினால் கறை. தமிழ் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஆங்கிலம் 'ஸ்டெயின்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட்டது. ஏன் என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு.

## சொல் பிறந்த வழி

1. இலத்தீனில் 'திங்கெரே' என்று ஒரு வினைச்சொல். நனைத்தல், முக்கியெடுத்தல், சாயமேற்றுதல் என்று பொருள். துணியைச் சாயத்தொட்டியில் முக்கும் வேலையிலிருந்தே பொருள் நனைத்தலிலிருந்து நிறமேற்றுதலுக்கு நகர்ந்தது.

2. அது பழைய பிரெஞ்சு மொழியில் 'தெய்ந்த்ர்' ஆனது. அதன் முன்னால் நீக்கத்தைக் குறிக்கும் 'தெஸ்' என்ற ஒட்டு சேர்ந்து 'தெஸ்தெய்ந்த்ர்' பிறந்தது. இதன் பொருள் நிறத்தை எடுத்துவிடுதல், வெளிறச் செய்தல். கறைக்கும் இதற்கும் முதல் பார்வையில் எந்தத் தொடர்பும் தெரியாது.

3. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் திரளாக நுழைந்தன. இது 'டிஸ்டெய்ன்' என்ற வடிவில் வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், தம் தலைவியின் அழகுக்கு முன்னால் பழங்கதைப் பேரழகிகள் எல்லாரும் மங்கிப்போவார்கள் என்று பாடும் இடத்தில் இந்தச் சொல்லைத்தான் வைக்கிறார். அங்கே அதற்கு ஒளிகுன்றச் செய்தல் என்று பொருள். அழுக்காக்குதல் என்ற பொருள் அங்கே பொருந்தாது.

4. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு முன்பே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் குடியேறியிருந்தார்கள். அவர்களது பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்டெய்ன்' என்றால் வண்ணம், 'ஸ்டெய்னா' என்றால் வண்ணம் பூசுதல். இது வேறு குடும்பத்துச் சொல்.

5. பிரெஞ்சிலிருந்து வந்த 'டிஸ்டெய்ன்' முதல் அசையை இழந்து 'ஸ்டெய்ன்' என்று சுருங்கியபோது இரண்டின் ஒலியும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஒலி கலந்தபோது பொருளும் கலந்தது.

ஒரு வேர் 'நிறத்தை எடு' என்றது, மற்றது 'நிறத்தைக் கொடு' என்றது. ஒரே சொல்லுக்குள் இரண்டும் குடிபுகுந்துவிட்டன. நிறத்தை எடுப்பது எப்படிக் கறையாக மாறியது என்று கேட்கலாம். சாயத்துணியில் ஓரிடத்தில் மட்டும் நிறம் வெளுத்தால் அந்த இடம் திட்டாகத் தெரியும். திட்டு விழுந்த துணி கெட்டுப்போன துணி. வெளுத்தல் என்ற பொருள் கெடுத்தல் என்பதற்கு இந்த வழியாக நகர்ந்தது இயல்பே.

மங்குதல் என்ற பழைய பொருளும் உடனே மறைந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் 33ஆம் சானெட்டில் (பதினான்கு அடிப் பாடலில்) சூரியன் மேகத்தால் ஒளிகுன்றுவதைக் குறிக்க இதே வினைச்சொல் வருகிறது. நிறம் கொடுக்கும் பொருளும் தொழிலில் நிலைபெற்றது. லண்டனில் துணியில் வண்ணம் ஏற்றும் கைவினைஞர்களுக்கு 'ஸ்டெயினர்' என்றே பெயர். மரம், கல், உலோகம் ஆகியவற்றில் பூசுகிறவர்கள் பெயிண்டர்கள். 1502-இல் இரண்டு சங்கங்களும் இணைந்து உருவான 'பெயிண்டர் ஸ்டெயினர்ஸ்' சங்கம் இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரில் இழிவு எதுவும் இல்லை. அது ஒரு தொழிலின் பெருமை.

தமிழிலும் 'கறை' எப்போதும் குறையைச் சொல்வதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நஞ்சுண்டு கழுத்து கறுத்த சிவனுக்குக் 'கறைமிடற்றன்' என்று பெயர். அங்கே கறை என்பது கருமை. போற்றிப் பாடும் பெயர் அது. பிற்காலத்தில் அன்றாடப் பேச்சில் அழுக்குத் திட்டு என்ற பொருள் மட்டும் மேலோங்கிவிட்டது.

## உறவுக்காரச் சொற்கள்

'திங்கெரே' குடும்பம் பெரிது. 'டின்ட்', 'டிஞ்ச்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் அதன் நேர்வாரிசுகள். காரின் கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுகிறோமே, அதுவும் இதுவே. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் முழங்கால் சிராய்ப்பில் தடவிவிட்ட டிஞ்சர் இன்னொன்று. மருந்துப்பொருளைச் சாராயத்தில் ஊறவைத்து, அதன் நிறமும் சத்தும் இறங்கும்படி செய்த திரவத்துக்கு அந்தப் பெயர். அயோடின் டிஞ்சர் தோலில் பழுப்பாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் மூலப்பொருளைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

மலேசியத் தமிழருக்கு இன்னும் நெருக்கமான ஓர் உறவு மலாயில் இருக்கிறது. பள்ளியில் மைக்கு 'டக்வாட்' என்று படித்திருப்போம். எழுத்து நடையில் 'தின்தா' என்ற சொல்லும் மைக்கு உண்டு. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரின் மொழியில் மைக்கும் சாயத்துக்கும் 'திந்தா' என்று பெயர். மலாய்ச் சொல் அங்கிருந்தே வந்தது. அதன் வேரும் 'திங்கெரே'தான்.

குடும்பத்தில் கெட்ட பெயர் எடுத்தது 'டெயின்ட்'. இதுவும் இரண்டு சொற்களின் கலப்பு. ஒன்று சாயமேறியது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். மற்றது 'அட்டெயின்ட்', தொடுதல், எட்டுதல் என்ற வேறொரு வேரிலிருந்து வந்த சட்டச் சொல். ராஜத்துரோகம் போன்ற பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரின் சொத்து பறிபோகும்; அவருடைய இரத்தமே கெட்டதாகக் கொள்ளப்பட்டு வாரிசுகளுக்கும் உரிமை அற்றுப்போகும். இந்த நிலைக்கு 'அட்டெயின்டர்' என்று பெயர். இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழித்தது. அமெரிக்க அரசியல் சட்டம் விசாரணையின்றி இப்படித் தண்டிக்கும் சட்டங்களை இயற்றவே தடை போட்டிருக்கிறது. குடும்பப் பெயருக்குக் கறை என்று இன்று பேச்சில் சொல்வது அன்று சொத்தையும் பறிக்கும் சட்டமாக இருந்தது.

## மரத்தில்: ஒரு ஸ்டெயினை மறைக்க இன்னொன்று

பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை முன்பெல்லாம் விறகாக எரித்தார்கள். இன்று அது ஜோகூர் மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பு. மூவார் வட்டாரம் அதற்குப் பேர்போனது. இந்தத் தொழிலில் 'ஸ்டெயின்' என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன.

முதலாவது 'ப்ளூ ஸ்டெயின்', நீலக்கறை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய மரத்தை ஈரத்தோடு போட்டுவைத்தால் பூஞ்சை உள்ளே இறங்கி, வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய பலகையில் நீலமும் சாம்பலுமாகக் கோடிடும். பலகையின் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் பார்வை கெட்டு விலை விழுகிறது. அதையும் பூச்சி அரிப்பையும் தடுக்கவே மரத்தை விரைவாக அறுத்து, போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள்.

இரண்டாவது 'வூட் ஸ்டெயின்', மரச்சாயம். பெயிண்ட் மரத்தின்மேல் படலமாக நின்று ரேகையை மறைத்துவிடும். மரச்சாயம் உள்ளே ஊறி, ரேகை தெரியும்படியே நிறத்தை மாற்றும். வெளிறிய ரப்பர் மரத்தைத் தேக்கு நிறத்துக்கோ வால்நட் நிறத்துக்கோ கொண்டுவருவது இதுதான். இலேசான நீலக்கறையை அடர்நிறச் சாயம் மறைத்தும்விடும். தொழிற்சாலைக்குப் புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளை 'ஸ்டெயின்' என்று எழுதிய பலகையையும் 'ஸ்டெயின்' என்று எழுதிய டின்னையும் ஒன்றாக நினைத்துவிடக்கூடாது. ஒன்று கழிக்க வேண்டியது, மற்றது பூச வேண்டியது.

## தட்டில்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் 1913-இல் துப்பாக்கிக் குழல் அரிப்பைக் குறைக்க வழி தேடியபோது குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். அவர் நினைத்த பெயர் 'துருவற்ற எஃகு'. அதில் கத்தி செய்து பார்த்த எர்னஸ்ட் ஸ்டுவர்ட், வினிகரால்கூட இதில் கறை விழவில்லையே என்று கண்டு 'ஸ்டெயின்லெஸ்' என்று பெயரிட்டார். அதுவரை பழம் நறுக்கிய எஃகுக் கத்தி கறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் தேய்த்துத் துலக்க வேண்டும். மலாய், 'கெலுலி தாஹான் காராட்' என்று துருவைத்தான் சொல்கிறது. நாம் எவர்சில்வர் என்கிறோம்.

இந்த எஃகைக் காப்பது, குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கும் மிக மெல்லிய படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். ஊறுகாயை எவர்சில்வர் பாத்திரத்தில் நாள்கணக்கில் வைத்தால் புள்ளி புள்ளியாகக் குழி விழுவது அதனால்தான். பெயரை நம்பி வைக்க வேண்டாம். கண்ணாடியோ பீங்கானோ நல்லது.

## ஆய்வுக்கூடத்தில்

இதுவே முக்கியமான இடம், இங்கேதான் தவறான வாசிப்பு உடம்பைத் தொடுகிறது.

பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு நிறம் கிடையாது. உருப்பெருக்கியில் அவை தண்ணீருக்குள் கண்ணாடித் துண்டு கிடப்பதுபோல் மங்கலாகத் தெரியும். சாயமேற்றினால்தான் வடிவம் துலங்கும். அந்தச் சாயங்கள் கிடைத்த கதையில் மலேரியாவுக்கும் பங்குண்டு. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியா மருந்தான கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். மருந்து வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. தாரிலிருந்து செயற்கைச் சாயம் எடுக்கும் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. 1876-இல் மெத்திலீன் நீலம் வந்தது. மருத்துவர்கள் இந்தச் சாயங்களை நுண்ணுயிர்களின்மேல் ஊற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

தோட்டப்புற மக்கள் அதிகம் சந்திக்கும் சாயச் சோதனைகள் இவை:

1. கிராம் சாயம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை. ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, சாராயத்தால் கழுவுவார்கள். பிறகு சிவப்புச் சாயம் ஒன்று ஏற்றுவார்கள். தடித்த செல்சுவர் உள்ள பாக்டீரியா ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். அது கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவர் உள்ளது ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகும். அது கிராம் நெகட்டிவ்.

2. சீல்-நீல்சன் சாயம். 1880களில் வந்தது. காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுத்தன்மை உடையது. ஒருமுறை ஏறிய சிவப்புச் சாயத்தை அமிலம் ஊற்றினாலும் விடாது. சளிப் பரிசோதனையில் தேடுவது இந்தச் சிவப்புக் குச்சிகளை.

3. கீம்சா சாயம். ஜெர்மானிய வேதியியலாளர் குஸ்டாவ் கீம்சா 1904-இல் செம்மைப்படுத்தியது. மலேரியா ஒட்டுண்ணியின் உடல் நீலமாகவும் கரு செவ்வூதாவாகவும் தெரியும்.

முதல் சோதனையில்தான் பெருங்குழப்பம். 'கிராம் நெகட்டிவ்' என்று தாளில் இருந்தால் கிருமி இல்லை என்று பொருளாகாது. கிருமி இருக்கிறது, அது இளஞ்சிவப்பு வகை என்று பொருள். சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி காரணமாகும் ஈ.கோலை ஒரு கிராம் நெகட்டிவ் பாக்டீரியா. இந்தப் பிரிவினை எதற்கு என்றால், எந்த ஆன்டிபயாட்டிக் செல்லும் என்று முடிவெடுக்கச் செல்சுவரின் அமைப்பு தெரிய வேண்டும். கிருமி தென்படவில்லை என்றால் அதைத் தனி வாக்கியமாகவே எழுதுவார்கள். சளிப் பரிசோதனையில் மட்டும் 'நெகட்டிவ்' என்பது அந்தச் சாயத்தில் காசநோய்க் கிருமி தெரியவில்லை என்ற பொருளைத் தரும். ஒரே 'நெகட்டிவ்', இரண்டு சோதனையில் இரண்டு பொருள்.

மலாய்ப் பாடநூலில் இந்தச் சோதனைக்குப் 'பெவார்னாஆன் கிராம்' என்று பெயர். 'வார்னா' சமஸ்கிருத வர்ணம்தான். சட்டையில் படிந்ததற்கும் பெயர் கெட்டதற்கும் மலாயில் 'நோடா' என்று வேறு சொல். ஆகவே இடைநிலைப்பள்ளியில் மலாய் வழி படிக்கும் பிள்ளைக்குக் குழப்பம் வராது. கல்லூரியில் ஆங்கிலம் வரும்போதுதான் வரும். தமிழில் விளக்குகிறவர்கள் 'கிராம் கறை' என்று எழுதாமல் 'கிராம் சாயம்' என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மலேரியாவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். தோட்டங்கள் உருவான காலத்தில் அதுவே பெரிய கொலைகாரனாக இருந்தது. 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. 1901-இல் கிள்ளானிலும் புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் பரவியபோது, மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகட்டி அதைக் கட்டுப்படுத்தினார். பிறகு அந்த முறை தோட்டங்களுக்கும் பரவியது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, கீம்சா ஏற்றிப் பார்ப்பது பின்னர் நோயறியும் அடிப்படை முறையாக நிலைத்தது.

அந்தச் சாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று சரவாக்கில் தெரியவந்தது. காப்பிட் மாவட்டத்தில் 'மலேரியே' வகை என்று தாளில் எழுதப்பட்ட நோயாளிகள் பலருக்கு, அந்த வகை வழக்கமாகக் கொடுப்பதைவிடக் கடுமையான காய்ச்சல் இருந்தது. ஆய்வாளர்கள் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் குழுவினரோடு மரபணுச் சோதனை செய்து, அது குரங்குகளிடம் காணப்படும் 'நோலெசி' ஒட்டுண்ணி என்று 2004-இல் வெளியிட்டார்கள். கீம்சா சாயத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். ஆனால் 'மலேரியே' மூன்று நாளைக்கு ஒருமுறை பெருகும், 'நோலெசி' 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

மனிதரிடையே பரவும் மலேரியா வகைகளின் உள்ளூர்த் தொற்று 2018 முதல் மலேசியாவில் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. நோலெசி மட்டும் தொடர்கிறது. அதைக் கொசு குரங்கிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவருகிறது. காட்டையொட்டிய தோட்டத்தில் வேலை செய்வோருக்கே அதிக வாய்ப்பு. ஆகவே காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும் தோட்டத் தொழிலாளி, எந்தப் பகுதியில் வேலை செய்கிறார், பக்கத்தில் காடும் குரங்கும் உண்டா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் டிங்கி என்று மட்டும் நினைக்காமல் இரத்தத் தகடும் எடுப்பார்கள். தகட்டில் ஒட்டுண்ணி தெரிந்தால், மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறார்களா என்றும் கேட்கலாம்.